கரையில் ஆறு மணி நேரம்

ஜூன் 29, ஞாயிறு. சென்னை.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். தேன்மதிக்கு மூன்று வயது இருக்கும்போது அவள் நெற்றியைப் பார்த்து, "இவளைக் கட்டப்போறவன் கப்பக்காரன். இவளால நாம கடல் தாண்டுவோம்" என்றேன். சாட்சி வேண்டுமென்றால் நாகப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் என்னோடு முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம். பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

நாளை நானும் என் தங்கை செண்பகவல்லியும் கப்பல் ஏறுகிறோம். தேன்மதி அவள் மகள், ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கபிலன் இந்தச் சுற்றுலாக் கப்பலின் சமையல்கட்டில் இருக்கிறான். ஊழியர் குடும்பத்துக்கென்று கொடுக்கும் சலுகைச் சீட்டில் இரண்டை எங்களுக்கு வாங்கிவிட்டான். ஒரு முழு நாள் கடல், பிறகு இலங்கையில் மூன்று துறைமுகம்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரம் கரையில் விடுவார்கள். ஆறாம் நாள் சென்னை.

சுற்றிப் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். செண்பகம் போவது அவள் புருஷனைத் தேட.

நாகூரான் கடலுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கார்த்திகை மாதம். புயலில் படகு போயிற்று. கூடப் போன தனபாலின் உடம்பு கோடியக்கரையில் ஒதுங்கியது. நாகூரான் ஒதுங்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து, எல்லை தாண்டி வந்த இலங்கை மீனவர்கள் நாலு பேரைப் பிடித்து நாகைத் துறைமுகத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோனவன் நான். அதில் யோகராசா என்கிற திருகோணமலைக்காரர் எனக்கு மட்டும் ஒரு சேதி சொன்னார். இடது முன்கையில் 'தேன்மதி' என்று பச்சை குத்திய ஒருவரைக் கண்ணால் கண்டாராம். ஓடிப்போய் செண்பகத்திடம் சொன்னேன்: ஆள் உயிரோடு இருக்கிறார், திருகோணமலைக் கரையில் வலை பின்னுகிறார், தலையில் அடிபட்டதால் ஞாபகம் கொஞ்சம் மட்டு. மறுவருஷம் விசாரித்ததில் கால் விந்துகிறது என்று தெரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஒரு செவலை நாய் வளர்க்கிறார் என்றும் தெரிந்தது. இவ்வளவு தூரம் விசாரிக்க ஊரில் வேறு எவனுக்கு முடியும்?

சம்பந்தி வீட்டுப் பெரியவர் மட்டும் போன வாரம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். "இருக்காரா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்தா மேடைக்கு வரட்டும். இல்லேன்னா கருமாதிய முடிச்சுட்டுப் பத்திரிகை அடிங்க. ரெண்டும் இல்லாம அந்தரத்துல தொங்குற வூட்ல எப்படிப் பொண்ணெடுக்கிறது?"

அச்சாபீஸ்காரர் இரண்டு மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் 'திரு. நாகூரான்'. மற்றதில் 'தெய்வத்திரு. நாகூரான்'. ஆடி பிறப்பதற்குள் எது என்று சொல்ல வேண்டும். செண்பகம் இரண்டையும் மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். தெய்வத்திரு என்று அச்சாகிவிட்டால் அவள் தாலியைக் கழற்ற வேண்டும். மகள் கல்யாணத்தில் முன்னால் வந்து நிற்க முடியாது.

கடவுச்சீட்டு கிடைக்காது என்று நான் கடைசி வரை நம்பியிருந்தேன். கபிலன் கெட்டிக்காரன். கிடைத்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்.

கப்பல் என்றால் கப்பல். நம் ஐஸ் கம்பெனியை நாற்பது தடவை உள்ளே வைக்கலாம். ஏறும்போது கப்பல் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் கடல்காரர்" என்றார். இங்கிலீஷில் சொன்னார்; இதைத்தான் சொல்லியிருப்பார். மிதவைச் சட்டை போடச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து அறை கோயம்புத்தூர்க்காரருக்கு நானே மாட்டிவிட்டேன். முன்பின் மாறிவிட்டதாம், வந்து சரிசெய்த பெண் சிரித்தாள்.

செண்பகம் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வகை இருந்தும் தயிர்சாதம் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய். கடல்.

சுற்றிலும் தண்ணீர். மேல்தளத்தில் பாட்டு, ஆட்டம், நீச்சல் குளம். செண்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். நாகையில் பிறந்து வளர்ந்தும் அவள் கடலுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. எங்கள் பெண்கள் கரையோடு சரி.

"எந்தக் கால்ண்ணே விந்துறாரு?"

"வலது."

"போன வருசம் இடதுன்னியே."

"அவரு வரும்போது பார்த்தா இடது. போகும்போது பார்த்தா வலது."

அவள் கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். "நாயிக்கு என்ன பேரு வச்சிருப்பாரு?"

"மணி."

"மணின்னுதான் வைப்பாரு" என்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

கோயம்புத்தூர்க்காரர் மனைவி வந்து, காற்று வருமா என்று பயந்து கேட்டார். "ஒரு பொட்டுக் காத்து வராதும்மா, நான் சொல்றேன்" என்றேன். செண்பகம் தண்ணீரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அன்னிக்கு அவருட்டயும் இதேதான் சொன்ன" என்றாள்.

காற்று விஷயத்தில் நான் சொன்னது தவறியதே இல்லை. ஒரு தடவை தவிர.

ஜூலை 2, புதன். அம்பாந்தோட்டை.

துறைமுகத்தில் ஆறு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதற்கு இன்று நான் கப்பலுக்கே பாடம் நடத்தினேன். முதல் ஆளாக இறங்க வேண்டும். கும்பலோடு பஸ்ஸில் ஏறினால் எண்ணி முடிப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். இருப்பதிலேயே வயதான ஆட்டோக்காரரைப் பிடிக்க வேண்டும். அவருக்குத்தான் எல்லா இடமும் தெரியும். எல்லோரும் யானை பார்க்கப் போனார்கள். நாங்கள் மீன்பிடித் துறைக்குப் போனோம்.

இங்கே நான் உழைத்த உழைப்பு! படகு படகாக ஏறி இறங்கினேன். கொளுத்துகிற வெயில். சிங்களம் தெரியாவிட்டால் என்ன, நாகூரானின் படத்தைக் காட்டி, காலை விந்தி நடந்து, தலையில் கை வைத்து, எல்லாருக்கும் விளக்கினேன். ஐஸ் உடைக்கிறவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கருவாடு வியாபாரி ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த முகம் இந்தப் பக்கத்தில காணல்ல தங்கச்சி. அல்லா ஒங்களுக்கு வழி காட்டணும்" என்றார்.

"பரவால்லண்ணே" என்றாள் செண்பகம். "நாளைக்குத்தானே திருகோணமலை." என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்துத் தன் முந்தானையால் விசிறினாள். "எனக்காக எம்மாம் அலையுற நீ."

ஜூலை 3, வியாழன். திருகோணமலை.

காலையிலேயே முழங்கால் பிடித்துக்கொண்டது. நேற்று அலைந்த அலைச்சல். செண்பகம் ஏழு மணிக்கே பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு கதவருகில் நின்றாள். அந்தப் பட்டுச்சேலை அவள் கல்யாணத்துச் சேலை.

கடைசி ஆளாகத்தான் இறங்க முடிந்தது. முதலில் கோணேசர் கோயில் என்றேன். சாமியைக் கும்பிடாமல் காரியத்தில் இறங்கலாமா? அவளும் சரி என்றாள். கோயிலில் இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்பது சுற்று வைத்தேன். முழங்காலோடு ஒன்பது சுற்று, சுலபமில்லை. ஆட்டோக்காரர், "மீன் இறங்கிற கரை கிட்டத்தான் ஐயா, பத்து நிமிசம்" என்றார். நான் அவரிடம், இந்த ஊரில் வேறு என்ன விசேஷம் என்று கேட்டேன். கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கிறதாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடாம். முழங்காலுக்கு வெந்நீரைவிட நல்ல மருந்து உண்டா? அங்கே விடச் சொன்னேன். செண்பகம் கரைப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. வெந்நீர் ஊற்றிக் குளிக்கிற இடம் என்றுதான் நினைத்தேன். போனால், மொட்டையடித்த இரண்டு ஆண்கள் ஈரவேட்டியோடு நிற்கிறார்கள். இலையில் எள்ளும் மாவுருண்டையும். ஒரு பெண் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியையை இங்கே வந்து செய்வது இந்த ஊர் வழக்கமாம். பூணூல் போட்டவர் ஒருவர் எங்களைப் பார்த்து நேராக வந்தார்.

"யாருக்குச் செய்யப் போறியள்? பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ."

இல்லை சாமி, நாங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயணக் களைப்பு, வெயில், வெறும் வயிறு. அவர் மறுபடியும், "ஐயா, பேர்?" என்றார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

செண்பகம்தான் சொன்னாள். "எங்களுக்கு அப்படி யாரும் இல்லைங்க."

ஆட்டோவில் ஏறிய பிறகு கேட்டாள்: "உடனே இல்லேன்னு ஏன்ண்ணே சொல்லல?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

"எதுக்கும் வாயடைக்காத ஆளாச்சே நீ."

"கப்பலுக்கு நேரமாச்சு செம்பா."

இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தது. அது ஆட்டோக்காரருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மீன் இறங்கும் கரையைத் தாண்டித்தான் ஆட்டோ வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நிறைய வள்ளங்கள் நின்றன என்று இறங்கும்போது ஆட்டோக்காரர் சொன்னார்.

ஜூலை 4, வெள்ளி. காங்கேசன்துறை.

காலையில் எழுதியது: வயிறு சரியில்லை. நான் இறங்கவில்லை. செண்பகம் நல்லூர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் மற்றவர்களோடு போயிருக்கிறாள். போகும்போது, "வரேண்ணே" என்றாள். மடியில் ஒரு துணிப்பை. நல்லூரானை மனமுருகக் கும்பிட்டுவிட்டு வரட்டும். மனசு ஆறும்.

இனிமேல் எழுதுவது சாயங்காலம்.

பதினொன்றே முக்காலுக்கு கபிலன் வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறைக்கு ஓடிவந்தான். "மாமா, அத்தை கோயில்லேருந்து திரும்பல. வண்டில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. எங்க போனாங்கன்னு தெரியல."

எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மூணரைக்கு ஏணிய எடுத்துடுவாங்க மாமா. கையில கரை இறங்குற அட்டை மட்டும்தான் இருக்கு, பாஸ்போர்ட் கப்பல்ல. வுட்டுட்டுப் போனா புடிச்சு உள்ள வச்சுருவாங்க. என் கையெழுத்துல வந்தவங்க அவங்க. எனக்கும் இதோட வேலை முடிஞ்சுது."

"அழாதடா. நான் கூட்டியாறேன்" என்றேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் முக்கால் மணி நேரம். திருகோணமலை பஸ் எது, எது என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாகூரானின் படம். நேற்றுக் கட்டிய பட்டுச்சேலையே. நடத்துனர் கீழே நின்று, "திருகோணமலை, திருகோணமலை! ஏறுங்கோ, இடமிருக்கு!" என்று கூவிக்கொண்டிருந்தார். நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எறங்கு செம்பா."

"நீ போண்ணே. நான் பார்த்துட்டு வரேன்."

"கப்பல் போயிடும்."

"போவட்டும். நேத்து நீ என்னைய எறங்க வுடல. ஏன்னு யோசிச்சேன். அவரு அங்க வேற ஒருத்தியோட குடும்பமா இருக்காரு. உனக்குத் தெரியும். நான் பார்த்துடக் கூடாதுன்னு மறைக்குற. அதானே?"

நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இருந்தா இருந்துட்டுப் போறாருண்ணே. நான் சண்டை போட மாட்டேன். பொண்ணு கல்யாணத்துல வந்து ஒரு நாழி நின்னுட்டுப் போகச் சொல்லி கூப்புடத்தான் போறேன். அவளக்கூட கூட்டிட்டு வரட்டும்."

இதற்கு முன் எனக்கு நூறு பதில் வந்திருக்கும். ஆமாம், குடும்பம் இருக்கிறது, அவர் வர மாட்டேன் என்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இறங்கியிருப்பாள். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அந்தப் பெண்ணையும் கூட்டிவரச் சொன்னதுதான் என்னை மடக்கிவிட்டது.

"அங்க அவரு இல்ல செம்பா."

"எடம் மாறிட்டாரா?"

"யோகராசா அவரப் பார்த்தது தண்ணியில. கிட்ட வந்து பார்த்துருக்காங்க. கையில தேன்மதின்னு எழுத்தப் பார்த்துருக்காங்க. பார்த்தப்ப உசிரு இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நடத்துனர் உள்ளே ஏறி ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

"அப்ப வலை பின்னுனது?"

"இல்ல."

"காலு?"

"இல்ல."

"நாயி?"

"அதுவும் இல்ல செம்பா."

நாயைக் கேட்டபோதுதான் அவள் முகம் உடைந்தது. படத்தை முகத்தோடு வைத்துக்கொண்டாள். முன் இருக்கை அம்மா திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்றார். நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ பதினெட்டு நாளாகச் சோறு தின்னாமல் கிடந்தாய், பிள்ளை உன் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னதும் எழுந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாய், அதற்குப் பிறகு எந்த வாயால் மாற்றிச் சொல்வது என்றேன். காது கேட்டதோ என்னவோ.

கடைசியில் கேட்டாள். "பார்த்துட்டு என்ன பண்ணாங்க? அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"வுடல செம்பா. வள்ளத்துல தூக்கிப் போட்டுக் கரைக்குக் கொண்டாந்துருக்காங்க. பன்னீர் தெளிச்சு, புது வேட்டி போத்தி, தெக்க தலை வச்சு அடக்கம் பண்ணிருக்காங்க. யோகராசா தன் கையால மண்ணு தள்ளுனாராம். தலைமாட்டுல பூவரசங்கெளை நட்டாங்களாம்."

அவள் எழுந்தாள். "எறங்குறியளோ அக்கா?" என்றார் நடத்துனர். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அதுவும் என்னைப் பார்த்து அல்ல. "முன்னப் பின்னத் தெரியாத மனுசங்க. பன்னீரெல்லாம் தெளிச்சிருக்காங்க" என்றாள்.

மூன்று பத்துக்கு ஏணி ஏறினோம். கபிலன் கீழேயே நின்றிருந்தான்.

ஜூலை 5, சனி.

சென்னை தெரிய ஆரம்பித்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் பயணம் எப்படி என்று கேட்டார். நல்ல பயணம் என்றேன்.

செண்பகம் இப்போது என்னோடு பேசுவதில்லை. காலையில் மேல்தளத்தில் நான் அடுத்த நாற்காலியில் இருக்கும்போதே, கபிலனைக் கூப்பிட்டு அவனிடம் சொன்னாள். "உங்க மாமாட்ட சொல்லுப்பா, அச்சாபீசுக்கு நானே பேசிட்டேன். தெய்வத்திரு போடச் சொல்லிட்டேன்."

கபிலன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"ஆனி முடியறதுக்குள்ள கருமாதி. தாலிய அன்னிக்குக் கழட்டிருவேன். பொண்ணுக்குத் தாரை வார்க்க எங்க சித்தப்பா மவன் வருவாரு. இவரு வேணாம்னு சொல்லு."

தாய்மாமன் நான். தேன்மதிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவன் நான். கபிலன் அதை என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. நாற்காலிக்கு நாற்காலி மூன்று அடிதான்.

"அப்புறம் ஒண்ணு" என்றாள். அப்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது, கொஞ்சம் தெளிவாக. நேற்றிலிருந்து அவள் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். "கல்யாணம் முடிஞ்ச கையோட நீயும் தேன்மதியும் அந்த எடத்துக்குப் போய் ஒரு விளக்கு வச்சுட்டு வாங்க. பதினோரு வருசம் யாரும் வைக்கல. எந்த எடம்னு உங்க மாமாட்ட கேட்டு எழுதி வச்சுக்க."

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "மாமா, எந்த எடம்?"

நிலாவெளிப் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டான். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டான். அதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யோகராசா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தூக்கிப் பாத்தம் அண்ணை, ஏலாமப் போச்சு. கடல் பொல்லாததாக் கிடந்தது. கை நழுவிப் போட்டுது." சொல்லிவிட்டு நான் கொண்டுபோன சோற்றை மூடி வைத்துவிட்டார். அடக்கம் பண்ணியது நான் சேர்த்தது.